மரகதம்: சாதுவாகக் கிடந்த இகுவானா பழகிய கதை

2023 நவம்பரில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாலை. மதுரை ஆனையூரிலிருந்து ஒரு குடும்பம் செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தது. அப்பா, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பாவைப் பெற்ற அப்பத்தா. பெட்டிக்குள் பழைய துண்டின் மேல் சுருண்டு கிடந்தது ஒரு பச்சை இகுவானா, அயல்நாட்டுப் பெரும்பல்லி வகை. வயது பதினான்கு மாதம் என்றார்கள். பெயர் மரகதம். மீனாட்சியம்மன் நிறம் என்பதால் மகள் வைத்த பெயர்.

"ரொம்ப சாது மேடம். கையில எடுத்தா அசையாது. தடவிக் குடுத்தா கண்ணை மூடிக்கிரும். ரெண்டு நாளா சாப்பிடல, அதுதான் கூட்டிட்டு வந்தோம்" என்றார் அப்பா.

இந்த நிகழ்வை நான் விரிவாக எழுத உட்கார்ந்ததற்கே அந்தப் பேச்சுதான் காரணம். பதினான்கு மாத இகுவானாவை முன்பின் தெரியாத மேசையில், முன்பின் தெரியாத ஆள் முன்னால் வைத்தால் அது சும்மா கிடக்காது. உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டும். தொண்டைப் பையை விரிக்கும், வாலைச் சாட்டைபோலச் சுழற்றும். சந்து கிடைத்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். மரகதம் எதையும் செய்யவில்லை. நான் வாயைத் திறந்து பார்த்தபோதும் எதிர்க்கவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பெயர் சாது. எனக்கு அது நோயின் முதல் அடையாளம்.

மேசையில் கண்டது

எடை 240 கிராம். மூக்கு நுனியிலிருந்து மலத்துளை வரை 19 சென்டிமீட்டர். வயதுக்கு மிகவும் சிறிய உடம்பு. ஆனால் பின்னங்கால் தொடைகள் மட்டும் உருண்டு திரண்டிருந்தன. "காலு நல்லா சதை வச்சிருக்கு" என்று மகள் பெருமையாகச் சொன்னாள். அழுத்திப் பார்த்தேன். சதையின் மென்மை இல்லை, கெட்டியான வீக்கம். கீழ்த்தாடையை விரலால் லேசாகத் தொட்டால் ரப்பர்போல வளைந்தது. கால்விரல்கள் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. வால் நடுவில் ஒரு கோணல். நடக்கவிட்டால் வயிற்றைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் தேய்த்துக்கொண்டே போனது. மலம் கழித்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

மூக்கின் ஓரத்தில் வெள்ளைப் பொடி இருப்பதைக் காட்டி, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். அது சளி இல்லை. இகுவானாவின் மூக்கில் உப்புச் சுரப்பி உண்டு. உடம்பில் மிஞ்சும் உப்பைத் தும்மி வெளியே தள்ளும். அது ஒன்றுதான் அன்று சரியாக இருந்தது என்றும் சொல்லலாம்.

எக்ஸ்ரே எடுக்க மயக்க மருந்து தரவில்லை. இகுவானாக்களின் இரண்டு கண்களின் மேலும் பஞ்சுருண்டை வைத்து, தலையைச் சுற்றி மென்மையாகக் கட்டுப்போட்டால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். சில நிமிடங்கள் அசையாமல் கிடக்கும். கண்ணில் படும் இதமான அழுத்தத்துக்கு நரம்பு தரும் பதில் அது. அசையாமல் கிடப்பதற்கு எத்தனை விதமான காரணங்கள் இருக்கலாம் என்பதை அந்தக் குடும்பத்துக்கு அங்கேயே காட்டினேன்.

படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். மரகதத்தின் எலும்புகளைச் சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்துப் பார்ப்பதே கடினமாக இருந்தது. ஓரங்கள் பென்சில் கோடுபோல மெலிந்திருந்தன. இடது தொடையெலும்பு பச்சைக் குச்சி மடிந்த மாதிரி மடிந்திருந்தது. எப்போது முறிந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அது கத்துகிற பிராணி இல்லையே.

நோய், ஊர்வன வளர்ப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் எலும்புத் தேய்வு. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் ரத்தத்தில் கால்சியம் ஓரளவு இருந்தே ஆக வேண்டும். சாப்பாட்டிலிருந்து அது வராதபோது, கழுத்தில் உள்ள இணைத்தைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். அரிசி வாங்கக் காசில்லாத வீட்டில் நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பதுபோல. மீட்க வழியில்லாமல் போனால் கடைசியில் பெட்டி காலி. காலியான எலும்பைத் தாங்குவதற்காக உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவை வளர்க்கும். அந்த நார்தான் மகள் சதை என்று நினைத்தது. விரல் துடிப்பு, ரத்தக் கால்சியமும் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதைச் சொன்னது. இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் வலிப்பு வந்திருக்கும்.

வீட்டில் கண்டது

மூன்றாம் நாள் ஆனையூர் வீட்டுக்குப் போனேன். அயல் பிராணிகள் விஷயத்தில் வீட்டைப் பார்க்காமல் பாதி சிகிச்சைதான் செய்ய முடியும் என்பது என் அனுபவம்.

முதல் மாடி ஹாலில், ஜன்னலை ஒட்டி மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. மேலே சிவப்பு பல்பு ஒன்று. உள்ளே பிளாஸ்டிக் கொடி, தண்ணீர்க் கிண்ணம். வெப்பமானி கிடையாது. இகுவானாவை விற்ற வெளியூர்க் கடையில் தொட்டியையும் பல்பையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். வெயில் வேண்டாம், இந்த பல்பே போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாப்பாடு: முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், வாழைப்பழம், வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை.

பச்சை இகுவானா மெக்சிகோ முதல் தெற்கே பிரேசில் வரை, பெரும்பாலும் ஆற்றோர மரங்களின் உச்சியில் வாழும் விலங்கு. இலை, பூ, கொஞ்சம் பழம், அவ்வளவுதான் அதன் உணவு. ஆடு மாடு வயிற்றில் நடப்பதுபோன்ற நொதித்தல் இதன் பெருங்குடலில் நடக்கிறது. அதற்கு உடம்பு சூடாக இருக்க வேண்டும். முட்டையும் இறைச்சியும் தேவையே இல்லை. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

அடுத்தது கால்சியமும் பாஸ்பரஸும். பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்காவது கால்சியம் உள்ள உணவாக இருக்க வேண்டும். நம் உணவுச் சத்து அட்டவணைகளின்படி நூறு கிராம் வெள்ளரியில் கால்சியம் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 25. வாழைப்பழத்தில் 17-க்கு 36. முட்டைக்கோஸில் 39-க்கு 44. எல்லாமே தலைகீழ். பதினான்கு மாதமும் அந்தக் குட்டி வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே எலும்பை இழந்திருக்கிறது. அன்பில் குறை வைத்த வீடு இல்லை அது. அதனாலேயே எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அப்பத்தா கேட்டார்: "ஏத்தா, மதுரையில வெயிலுக்கா பஞ்சம்? ஜன்னல் வழியா காலையில சுள்ளுனு அடிக்குதே?"

வெளிச்சமும் சூடும் கண்ணாடியைத் தாண்டி வரும். ஆனால் தோலில் வைட்டமின் டி3 உருவாக வேண்டிய புற ஊதா பி கதிர்கள், 290 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளவை, சாதாரண ஜன்னல் கண்ணாடியில் ஏறக்குறைய முழுவதுமாக நின்றுவிடும். டி3 இல்லாவிட்டால் கால்சியம் கொட்டிக் கொடுத்தாலும் குடல் எடுத்துக்கொள்ளாது. மரகதத்துக்கு ஜன்னல் கண்ணாடி ஒன்று, தொட்டிக் கண்ணாடி ஒன்று. சித்திரை வெயிலில் ஊரே வெந்தபோதும் அது இருட்டில் வாழ்ந்த மாதிரிதான்.

இதைக் கேட்டதும் அப்பத்தா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை. "அமாவாசைக்கு மாட்டுக்குப் போட வாங்குனேன். இதைத் திங்குமா?"

அகத்தியில் நூறு கிராமுக்குக் கால்சியம் 1130 மில்லிகிராம், பாஸ்பரஸ் 80. இறக்குமதித் தீவனம் எதை எடுத்தாலும் மரகதத்துக்கு இதைவிட நல்ல கீரையை நான் சொல்லியிருக்க முடியாது. முருங்கைக்கீரையில் 440-க்கு 70. இரண்டும் மதுரையில் எந்தக் கீரைக்காரம்மா கூடையிலும் கிடைக்கும். இவற்றோடு செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, துருவிய பரங்கிக்காய், எப்போதாவது ஒரு துண்டு பப்பாளி என்று பட்டியல் போட்டோம். பாலக் வேண்டாம் என்றேன். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கடையில் வாங்கும் கீரையை மருந்து வாடை போக இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும் என்றும் சொன்னேன்.

அன்றே இன்னொரு பிரச்சினையும் தெரிந்தது. பக்கத்து வீட்டில், இவர்கள் உடும்பு வளர்க்கிறார்கள் என்று பேச்சு. நம் உடும்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இகுவானா வேறு குடும்பம், வேறு கண்டம். ஆனாலும் அதற்கும் விதி உண்டு. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் பச்சை இகுவானா இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட நம் சட்டம், அப்படிப்பட்ட விலங்கு வைத்திருப்பவர்கள் அறிவித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. 2024 பிப்ரவரி இறுதியில் அதற்கான விதிகள் வந்து, ஆறு மாதத்துக்குள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விவரம் கொடுக்கச் சொன்னார்கள். இவர்கள் அந்த ஜூன் மாதமே விண்ணப்பித்துவிட்டார்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் காகிதத்தைக் கேட்க வேண்டும், பிறகுதான் குட்டியைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை

விரல் துடிப்பு நிற்கும்வரை கால்சியம் ஊசி, அப்புறம் வாய்வழியே கால்சியத் திரவம். வலிக்கு மருந்து. கால்சியம் ஏறத் தொடங்கிய பிறகு, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை டி3 ஊசி. அளவுகளை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். டி3 கொஞ்சம் கூடினாலும் இதயத்திலும் ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படிந்துவிடும். எடை பார்த்து மருத்துவர் போட வேண்டியது அது. மலச்சிக்கலுக்குத் தினமும் இருபது நிமிடம் வெதுவெதுப்பான நீரில், மார்பு மட்டும் நனையும் ஆழத்தில் உட்கார வைத்தோம். நான்காம் நாள் பலன் கிடைத்தது. முறிந்த தொடைக்குக் கட்டுப்போடவில்லை. ரப்பர் எலும்பைக் கட்டினால் கட்டு முடியும் இடத்தில் இன்னொரு முறிவு வரும். ஏறி விழாதபடி கிளைகளை எடுத்துவிட்டு, தாழ்வான தட்டில் படுக்க விட்டோம்.

பெரிய மருந்து வெயில்தான். தச்சரிடம் சொல்லி மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த கூண்டு ஒன்று செய்தார்கள். காலை எட்டரையிலிருந்து பத்து மணி வரை மொட்டை மாடியில், பாதிக் கூண்டின் மேல் ஓலைத் தட்டி போட்டு வைப்பது. பாதி நிழல் இல்லாமல் வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடித் தொட்டியோடு ஒருநாளும் வெளியே வைக்கக் கூடாது. மதுரை வெயிலில் கால் மணி நேரத்தில் உள்ளே உயிர் போய்விடும். கூடவே ஆள் இருக்க வேண்டும், காக்காயும் பூனையும் உண்டு. அந்த ஆள் அப்பத்தா. மழை நாளுக்காகச் சென்னையிலிருந்து புற ஊதா பி குழல்விளக்கு ஒன்றை வரவழைத்தோம். அது எரிந்துகொண்டே இருந்தாலும் அந்தக் கதிர் காலப்போக்கில் குறைந்துவிடும். அதனால் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டச் சொன்னேன்.

2024 பொங்கலுக்குள் தாடை கெட்டியானது. மார்ச்சில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு எலும்பாகத் தெரிந்தது. எடை 410 கிராம்.

குணமானதும் வந்த குழப்பம்

ஏப்ரலில் மகளிடமிருந்து அழுகையோடு ஒரு அழைப்பு. "டாக்டரம்மா, மரகதத்துக்கு என்னமோ ஆயிருச்சு. கையை உள்ள விட்டா வாலால அடிக்குது. அப்பா கையில ரத்தம். முன்ன இருந்த மாதிரி இல்ல, எங்களைப் பிடிக்காம போயிருச்சு."

எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பதினான்கு மாதமும் அவள் கையில் கிடந்தது, ஓடத் தெம்பில்லாத, எலும்பு நொந்த ஒரு பிராணி. தடவும்போது அது கண்ணை மூடியது சுகத்தால் இல்லை. தப்பிக்க முடியாத இடத்தில் இகுவானா கண்ணை மூடிக்கொண்டு வெளியுலகத்தையே மறுத்துவிடும். தெம்பு வந்ததும் தன் பயத்தை முதன்முதலாக வெளியே சொல்கிறது. அடங்கிக் கிடந்ததைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தோம். இனிமேல்தான் பழக்கவே தொடங்க வேண்டும்.

இங்கே நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். இகுவானா வளர்ப்பவர்கள் பலர் சொல்லும் முறை ஒன்று உண்டு. துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும், திமிறினாலும் விடாமல் அது அமைதியாகும்வரை வைத்திருந்து அப்புறம் விட வேண்டும், திமிறினால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளக் கூடாது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் அதையே சொன்னேன். அப்பா தினமும் மாலை அரை மணி நேரம் செய்தார். பதினோராம் நாள் எடை 40 கிராம் குறைந்திருந்தது. கீரையைத் தொடவில்லை. அப்பா ஹாலுக்குள் வந்தாலே நிறம் கறுத்து மூலைக்குள் ஒண்டிக்கொண்டது. துண்டுக்குள் அது அமைதியானது உண்மைதான். அந்த அமைதி எதுவென்று நானே மார்கழிக்கு முன் மேசையில் பஞ்சு வைத்துக் காட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் அதே அமைதியைத் திரும்பவும் உண்டாக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றே நிறுத்தச் சொன்னேன்.

அப்பத்தா வழி

நிறுத்திய பிறகு யாரிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னேன். மகள் நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். அப்பா வந்தால் ஒண்டுகிறது. அவள் வந்தால் வாலைத் தூக்குகிறது. அப்பத்தா வந்தால் ஒன்றும் செய்யவில்லை, அவர் இருக்கும்போது சாப்பிடுகிறது.

மொட்டை மாடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன். அப்பத்தா கூண்டிலிருந்து நாலடி தள்ளி, சாக்கு விரித்துக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கூண்டைப் பார்க்கக்கூட இல்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே மாதிரிச் சேலை. கீரை உருவி முடிந்ததும் ஒரு கைப்பிடியைக் கூண்டின் கீழ்க்கதவு வழியாகத் தள்ளிவிட்டு, "தின்னு சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆறு மாதமாக இதேதான். ஒரு நாளும் தொட்டதில்லை. தொட ஆசையும் இல்லை. "எனக்கு அருவருப்பாத்தான் இருக்கும்த்தா, ஆனா பசிக்குமில்ல" என்றார்.

அவர் தெரிந்து செய்யவில்லை. ஆனால் பயப்படும் ஒரு விலங்குக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. இகுவானாவின் உச்சந்தலையில் மங்கலான முத்துபோல ஒரு செதில் தெரியும். அது மூன்றாவது கண். உருவம் பார்க்காது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். மேலே திறக்கும் தொட்டிக்குள் நின்றபடி கைவிட்டுத் தூக்கிய ஒவ்வொரு முறையும் இவர்கள் பருந்தாக இருந்திருக்கிறார்கள். அப்பத்தா கீழே உட்கார்ந்தார், பக்கவாட்டில் கை நீட்டினார், கொடுத்ததும் போய்விட்டார். போவதும் முக்கியம். நெருங்கி வரும் ஆள் விலகியும் போவார் என்று தெரிந்தால்தான் பயம் குறையும்.

அதையே முறையாக்கினோம். அதற்குள் புதுக் கூண்டும் தயார்: ஆறடி உயரம், ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், கதவு முன்பக்கம். கொய்யாக் கிளைகள் நிறைய. அரளி, எருக்கு இரண்டையும் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது என்று சொன்னேன், விஷம். உச்சிக் கிளையில் 35 முதல் 38 டிகிரி, கீழே 28. பல்பைச் சுற்றிக் கம்பிவலை, இல்லாவிட்டால் அதைக் கட்டிப்பிடித்துச் சுட்டுக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் காற்றில் ஈரம் இல்லாததால் பின்பக்கம் நனைத்த சாக்குத் தொங்கவிட்டோம். ஆள் நிற்கும் உயரத்தைவிட மேலே அது உட்கார முடிந்ததும் வால் வீச்சு பாதியாகக் குறைந்தது. மரத்து விலங்கைத் தரையில் வைத்திருந்தால் பயம் எப்படிப் போகும்?

முதல் மூன்று வாரம் மகள் கூண்டுக்கு முன்னால் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். அவ்வளவே. நான்காம் வாரத்திலிருந்து செம்பருத்திப் பூ. சிவப்பு என்றால் இகுவானாவுக்கு உயிர். பூவைத் தட்டில் வைப்பதை நிறுத்திவிட்டு, மகளின் விரித்த உள்ளங்கையில் மட்டும் கிடைக்கும்படி செய்தோம். கை கிளைக்குக் கீழே, அசையாமல். எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பூவோடு திரும்பிவிட வேண்டும். ஒன்பது நாள் எடுக்கவில்லை. பத்தாம் நாள் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. பன்னிரண்டாம் நாள் எடுத்தது. பதினான்காம் நாள் ஒரு முன்னங்காலை அவள் மணிக்கட்டில் ஊன்றிக்கொண்டு தின்றது. அன்று அவள் அனுப்பிய குரல் செய்தியில் பேச்சே இல்லை, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் வேகமாகவே நடந்தது. கை, முழங்கை, தோள். தூக்குவது கிடையாது, அது ஏறுவதுதான். இறங்க நினைத்தால் இறங்கலாம். வாலைப் பிடிக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பயந்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். திரும்ப வளரும், ஆனால் பழைய நிறமும் வரியும் இல்லாத மொட்டை வாலாக. ஒரே ஒரு முறை, விசேஷத்துக்கு மருதாணி வைத்திருந்த விரலைக் கவ்விவிட்டது. பல் சிறு ரம்பம் மாதிரி இருக்கும், இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. சிவந்த விரல் நுனியைப் பூ என்று எடுத்துக்கொண்டிருக்கும் என்பதே என் கணிப்பு. ஏனென்றால் கவ்வியதும் உடனே விட்டுவிட்டது.

அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சகஜம். நல்ல ஆரோக்கியமான இகுவானாவும் அதைக் கழித்துக்கொண்டிருக்கும். கூண்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்கழி

2024 டிசம்பரில் மறுபடி ஒரு சோதனை. தொடையின் அடிப்பக்கத் துளைகள் பெரிதாகி மெழுகு தள்ளியிருந்தன. தாடைச் சதை பருத்திருந்தது. முன்னங்கால்களில் ஆரஞ்சு நிறம். மரகதம் ஆண் என்பது அப்போதுதான் உறுதியானது. பெயரை மாற்ற வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். இனப்பெருக்கப் பருவத்து ஆண் இகுவானா முரட்டுத்தனமாகும். பீரோக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துத் தலையை வேகவேகமாக ஆட்டிக்கொண்டு மோதியது. மகளை ஒரு முறை பாய்ந்து துரத்தியது.

அவள் இந்தத் தடவை அழவில்லை. நோட்டை எடுத்துவிட்டாள். தலையாட்டல் மெதுவாக இருந்தால் கிட்டப் போகலாம், படபடவென்று இருந்தால் போகக் கூடாது, பக்கவாட்டில் தட்டையாக நின்றால் கதவைத் திறக்கவே கூடாது. எல்லாம் தேதியோடு அவளே எழுதியிருந்தாள். பீரோக் கண்ணாடியில் துணி போட்டார்கள். தோளில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பழையபடி கூண்டுக்கு முன்னால் வீட்டுப்பாடம். இரவில் மதுரையும் இருபது டிகிரிக்கு இறங்கும் மாதம் என்பதால், வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றி ஒன்றை மாட்டினோம். குளிர்ந்த வயிற்றில் கீரை நொதிக்காது. பிப்ரவரி நடுவில் ஆரஞ்சு மங்கியது. ஒரு நாள் அதுவாகவே மணிக்கட்டில் காலை ஊன்றியது.

2025 மார்ச்

பதினாறு மாதம் கழித்து: எடை 1.2 கிலோ. மலத்துளை வரை 31 சென்டிமீட்டர், வாலோடு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். வாலின் கோணல் அப்படியே இருக்கிறது, இனி நேராகாது. கீழ்த்தாடை கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது. அதனால் கீரையைச் சிறிதாக அரிந்து போட வேண்டும். இடதுகால் ஏறும்போது லேசாக வெளிப்பக்கம் திரும்புகிறது. இன்னும் வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடமும் அதற்கு மேலும் இருக்கக்கூடிய உயிர். மகள் படிக்க வெளியூர் போனால் யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேசையில் வைத்ததும் என்னைப் பக்கவாட்டில் பார்த்துத் தொண்டைப் பையை விரித்தது. நான் கை நீட்டியதும் வாலால் ஒரு அடி கொடுத்தது. முழங்கையில் நீளமாகத் தடித்துவிட்டது. மகள் பதறி மன்னிப்புக் கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். எடை பார்த்து முடிந்ததும் அது நேராக அவள் தோளில் ஏறி, பின்னலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. கண் திறந்தே இருந்தது.

கிளம்பும்போது அப்பா ஒரு சந்தேகம் கேட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், வீடு நிறைய ஆள், எல்லாரும் பார்க்க ஆசைப்படுவார்கள், என்ன செய்வது? கூண்டின் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மறைக்கலாம், தொடக் கொடுக்க வேண்டாம், சாப்பாடும் வெயிலும் அதே நேரத்தில் நடக்கட்டும் என்றேன்.

"அதெல்லாம் என் பழைய சேலையை எடுத்து வச்சுட்டேன்" என்றார் அப்பத்தா. "ஆத்துல அழகர் இறங்குறதைப் பார்க்க எல்லாரும் போயிட்டு வரட்டும். நான் காலையில மாடியில இருக்கணும்ல."